சர்க்கரை நோயுள்ள ஒன்பது வயது ஸ்பிட்ஸ் நாய்க்குக் கண்புரை: அறுவை செய்யலாமா, விட்டுவிடலாமா?

மாடித்தோட்டம் (திண்டுக்கல்)

அனைவருக்கும் வணக்கம். லட்டு எங்கள் வீட்டுக்கு வந்து ஒன்பது ஆண்டுகள் ஆகின்றன. ஸ்பிட்ஸ் வகை, பெண், கருத்தடை செய்யவில்லை, எடை ஒன்பது கிலோ. வைகாசிக் கடைசியில் அவள் தண்ணீர்க் கிண்ணத்தை ஒரே நாளில் நான்கைந்து முறை காலி செய்யத் தொடங்கினாள். வெயிலின் வேலை என்று இருந்துவிட்டோம். வைத்த சோறு முழுவதையும் தின்ற பிறகும் முதுகெலும்பு கையில் தட்டுப்பட ஆரம்பித்தபோதுதான் மருத்துவரிடம் கொண்டுபோனோம். இரத்தச் சர்க்கரை 400-ஐத் தாண்டியிருந்தது. அன்றிலிருந்து காலையும் மாலையும் உணவுக்குப் பின் இன்சுலின் போட்டு வருகிறோம்.

இப்போது கவலை கண்ணைப் பற்றியது. மூன்று வாரங்களுக்கு முன் இடது கண்ணின் நடுவில் அரிசி கழுவிய நீரின் நிறத்தில் ஒரு மங்கல் தெரிந்தது. இன்று இரண்டு கண்களும் தேங்காய்ப் பத்தையைப் போல வெளுத்துவிட்டன. ஒன்பது ஆண்டுகளாகத் தாண்டிப் பழகிய சமையலறை நிலைப்படியில் நேற்று முட்டிக்கொண்டு, ஒரு முன்னங்காலைத் தூக்கிக் காற்றில் துழாவிக்கொண்டே நின்றாள். நான் பெயர் சொல்லிக் கூப்பிட்ட பிறகுதான் காலைக் கீழே வைத்தாள்.

உள்ளூர் மருத்துவர் கண்புரை என்றும், அறுவைக்குச் சென்னை போக வேண்டியிருக்கும் என்றும், சர்க்கரை உள்ள நாய்க்கு மயக்க மருந்து கொடுப்பதில் ஆபத்து உண்டு என்பதால் யோசித்து முடிவு செய்யுமாறும் சொன்னார். மாமனார் "புரை முற்றட்டும், அப்புறம் பார்க்கலாம்" என்கிறார். சொட்டு மருந்தில் இது கரையுமா? சர்க்கரை நோயோடு அறுவையைத் தாங்குவாளா? அறுவை வேண்டாம் என்று முடிவெடுத்தால் அவளை அப்படியே விட்டுவிடலாமா? அனுபவப்பட்டவர்கள் சொன்னால் நன்றியுடன் இருப்பேன்.

வைகைக்கரை

முதலில் இது புரைதானா என்று உறுதி செய்துகொள்ளுங்கள். எங்கள் நாட்டு நாய்க்குப் பதினோரு வயதில் இரண்டு கண்களும் நீலம் பாய்ந்து மங்கியபோது நாங்களும் பதறிப்போனோம். மருத்துவர் பார்த்துவிட்டு, இது புரை அல்ல, நமக்கு நரை விழுவதைப் போல நாயின் லென்ஸ் வயதில் இறுகுவதால் வரும் நீல மங்கல், பார்வையை அதிகம் பாதிக்காது, மருந்தும் தேவையில்லை என்று அனுப்பிவிட்டார். ஏழெட்டு வயதுக்கு மேல் பெரும்பாலான நாய்களுக்கு இது வருமாம்.

அவர் சொல்லிக்கொடுத்த சோதனை இது. அறையை இருட்டாக்கி, இரண்டடி தள்ளி நின்று, கைப்பேசி விளக்கை உங்கள் கண்ணுக்குப் பக்கத்தில் பிடித்து நாயின் கண்ணைப் பாருங்கள். இரவில் வண்டி வெளிச்சத்தில் நாயின் கண் பச்சையாகவோ மஞ்சளாகவோ ஒளிருமே, அந்த ஒளி முழு வட்டமாகத் தெரிந்தால் அது வெறும் வயதின் மங்கல். ஒளியின் குறுக்கே கரும்புள்ளியோ நிழலோ தெரிந்தாலும், ஒளியே எழும்பாவிட்டாலும் புரை என்று சந்தேகப்பட வேண்டும்.

மாடித்தோட்டம்

இப்போதே செய்து பார்த்தேன். சுண்ணாம்பு அடித்த சுவரில் விளக்கடித்தது போல இருக்கிறது. இரண்டு கண்களிலும் ஒளி துளியும் எழும்பவில்லை. பஞ்சை உருட்டி அவள் முகத்துக்கு முன்னால் ஓசையின்றி விழவிட்டும் பார்த்தேன். தலை திரும்பவில்லை.

கொட்டில் (ஓய்வுபெற்ற கால்நடை மருத்துவர்)

மாடித்தோட்டம் அம்மாவுக்கு,

உங்கள் கேள்வியில் "அப்படியே விட்டுவிடலாமா" என்றொரு பகுதி இருக்கிறது. அதற்கு மட்டும் முதலில் பதில் சொல்லிவிடுகிறேன்: கூடாது. அறுவை செய்வதும் செய்யாததும் உங்கள் விருப்பம். மருத்துவம் செய்யாமல் விடுவது என்பது அந்த இரண்டிலும் சேராது. காரணத்தைக் கொஞ்சம் விரிவாகவே எழுத வேண்டியிருக்கிறது.

நம் ஊர்களில் கண்ணில் எது வெளுத்தாலும் "பூ விழுந்துவிட்டது" என்று சொல்வது வழக்கம். முன்னால் இருக்கும் கருவிழியில் காயம் ஆறி வெண்தழும்பு நின்றாலும் பூ, அதற்குப் பின்னால் லென்ஸ் வெளுத்தாலும் பூ. இரண்டுக்கும் மருத்துவம் வேறு, சில வேளைகளில் நேர்எதிர். உங்கள் விவரிப்பில் லட்டுவுக்கு இருப்பது லென்ஸின் வெளுப்பு, அதிலும் சர்க்கரையால் வந்தது. இரத்தத்தில் சர்க்கரை மிகும்போது அது லென்ஸுக்குள்ளும் மிகுகிறது. அங்கே உள்ள ஒரு நொதி அதைச் சார்பிட்டால் என்னும் பொருளாக மாற்றுகிறது. சார்பிட்டால் லென்ஸை விட்டு எளிதில் வெளியேறாது, ஊறவைத்த கொண்டைக்கடலை போலத் தண்ணீரை உள்ளே இழுத்துக்கொண்டு இழைகளைப் பிளக்கிறது. அதனால்தான் நாட்கணக்கில், வாரக்கணக்கில் வெளுத்துவிடுகிறது. சர்க்கரை நோயுள்ள 200 நாய்களை வைத்து 1999-இல் வெளியான ஓர் ஆய்வில், நோய் கண்டறிந்து ஏறத்தாழ 170 நாட்களில் பாதி நாய்களுக்கும், 470 நாட்களுக்குள் நூற்றுக்கு 80 நாய்களுக்கும் புரை வந்திருந்தது. இன்சுலின் ஒழுங்காகப் போட்டும் வரும். ஆகவே உங்கள் கவனிப்பில் குறை என்று நினைக்க வேண்டாம்.

இனி முக்கியமானது. லென்ஸின் புரதங்கள் பிறப்பதற்கு முன்பிருந்தே ஓர் உறைக்குள் அடைபட்டிருப்பவை. உடலின் பாதுகாப்புப் படைக்கு அவை அந்நியம். வேகமாக உப்பும் லென்ஸிலிருந்து அவை கசியும்போது, சில நேரம் உறையே கிழிந்துவிடும்போது, கண்ணுக்குள் அழற்சி மூள்கிறது. வெள்ளை விழி சிவப்பது, கண்ணைச் சுருக்கிக்கொள்வது, நீர் வடிவது ஆகியவை வெளியே தெரியும் அடையாளங்கள். பல நாய்களில் அடையாளமே தெரியாமல் உள்ளுக்குள் கனன்றுகொண்டிருக்கும். இதைக் கவனிக்காமல் விட்டால் கண் அழுத்தம் ஏறலாம், விழித்திரை கழன்றுவிடலாம், லென்ஸ் இடம் நழுவலாம். பார்வை போனது வலிக்காது, கண் அழுத்தம் ஏறினால் தாங்க முடியாமல் வலிக்கும். உங்கள் மாமனார் சொல்லும் "முற்றட்டும்" என்பது பழைய முறைக் கண் அறுவைக் காலத்து அறிவுரை. நாய்க்குப் புரை முற்ற முற்ற அறுவையின் வெற்றி வாய்ப்பு குறைகிறது.

ஆகவே நாளைக்கே உள்ளூர் மருத்துவரிடம் சென்று அழற்சியை அடக்கும் சொட்டு மருந்தை எழுதி வாங்குங்கள். அதற்கு முன் கருவிழியில் புண் இல்லை என்று பச்சைச் சாயம் போட்டுப் பார்க்கச் சொல்லுங்கள். சர்க்கரை நாய்களுக்குக் கருவிழியில் உணர்ச்சி மழுங்கியிருக்கும் என்பதால் புண் இருந்தாலும் காட்டிக்கொள்ளாது. கண்ணீர் போதுமான அளவு சுரக்கிறதா என்று தாள்பட்டை வைத்தும் பார்க்கட்டும். ஸ்டீராய்டு சொட்டு சிறிய உடம்பில் சர்க்கரையை ஏற்றக்கூடும். ஸ்டீராய்டு இல்லாத சொட்டு போதுமா என்பதை அவரே தீர்மானிக்கட்டும்.

ஒரு கேள்வி: லட்டு கடைசியாக எப்போது பருவத்துக்கு வந்தாள்?

மாடித்தோட்டம்

ஐயா, சித்திரை நடுவில். தண்ணீர் அதிகமாகக் குடிக்க ஆரம்பித்தது அதற்கு ஐந்தாறு வாரங்கள் கழித்து. இரண்டுக்கும் தொடர்பு இருக்கும் என்று எங்களுக்குத் தோன்றவே இல்லை.

கொட்டில்

தொடர்பு இருக்கிறது. பருவம் முடிந்த பின் இரண்டு மாதங்கள் வரை பெண் நாயின் உடலில் புரோஜெஸ்டிரோன் ஓங்கியிருக்கும். அது இன்சுலினை வேலை செய்யவிடாது. கருப்பையையும் சினைப்பைகளையும் எடுத்துவிட்டால் இன்சுலின் தேவை குறையும், சில நாய்களுக்கு நோயே பின்வாங்குவதும் உண்டு. எடுக்காவிட்டால் அடுத்த பருவத்தில் மறுபடியும் சர்க்கரை கட்டுக்கடங்காமல் போகும். கண் அறுவையை நினைப்பதற்கு முன் இதைப் பேசி முடியுங்கள்.

சித்திரைவெயில்

எல்லோரும் அறுவை அறுவை என்கிறீர்கள். எங்கள் அத்தை வீட்டு நாய்க்கு நந்தியாவட்டைப் பூச்சாறும் சுத்தமான தேனும் விட்டே கண் தெளிந்தது. இணையத்தில் புரையைக் கரைக்கும் சொட்டும் விற்கிறார்கள். மூன்று மாதம் போட்டுப் பார்த்துவிட்டு முடிவு செய்தால் என்ன குறைந்துவிடும்?

புங்கமரம் (சென்னை)

மூன்று மாதம் குறைந்துவிடும். லட்டுவிடம் இல்லாதது அதுதான்.

அத்தை வீட்டு நாய்க்கு இருந்தது கருவிழியின் மேல் விழுந்த பூவாக இருக்கலாம். சிறு காயத்தின் மங்கல் தானாகவே தெளிவதுண்டு, புகழ் தேனுக்கோ நந்தியாவட்டைக்கோ போய்விடும். லென்ஸின் புரதம் ஒருமுறை வெளுத்துவிட்டால் வேகவைத்த முட்டையின் வெள்ளைக்கருவைத் திரும்பப் பச்சையாக்க முடியாதது போலத்தான். கரைக்கும் சொட்டு என்று விற்கப்படுபவற்றில் பெரும்பாலும் கார்னோசின் வகைப் பொருள் இருக்கிறது. முற்றிய புரையை அது தெளியவைத்ததாக நிரூபணம் இல்லை. 2015-இல் லானோஸ்டெரால் என்ற பொருள் நாய்களின் புரையைக் குறைத்ததாக ஒரு புகழ்பெற்ற அறிவியல் இதழில் கட்டுரை வந்து உலகமே பரபரத்தது. ஆனால் அந்த ஆய்வில் சொட்டு மட்டும் போடவில்லை, கண்ணுக்குள்ளேயே ஊசியும் செலுத்தினார்கள். பிறகு வேறு ஆய்வகங்களில் முயன்றபோது அந்தப் பலன் கிடைக்கவில்லை. அதை வைத்து வியாபாரம் மட்டும் நடந்துகொண்டிருக்கிறது.

இனி என் அனுபவம். எங்கள் லாப்ரடார் பீமாவுக்கு ஏழு வயதில் இரண்டு கண்களிலும் புரை. சர்க்கரை இல்லை, பரம்பரையாக வந்தது என்றார்கள். அறுவைக்கு முன்னால் நடந்த சோதனைகளே எங்களுக்குப் பெரிய பாடம். கண் அழுத்தத்தைப் பேனா போன்ற கருவியால் தொட்டு அளந்தார்கள். நாய்க்கு அது ஏறத்தாழ 10-க்கும் 25-க்கும் இடையில் இருக்க வேண்டும். புரைக்குப் பின்னால் விழித்திரை இருப்பது வெளியிலிருந்து தெரியாது என்பதால் ஸ்கேன் செய்து, அது தன் இடத்தில் ஒட்டியிருக்கிறதா என்று பார்த்தார்கள். கடைசியாக ஈஆர்ஜி. மயங்கிய நிலையில் கண்ணில் மின்முனையைப் பொருத்தி, ஒளியைப் பளிச்சிட்டு, விழித்திரை மறுமொழி தருகிறதா என்று கோடு கோடாகப் பதிவு செய்கிறார்கள். கோடு எழும்பினால் விழித்திரை உயிரோடு இருக்கிறது. தட்டையாகக் கிடந்தால் எவ்வளவு நல்ல லென்ஸை வைத்தாலும் பயனில்லை. இந்தச் சோதனை இல்லாமல் நேராக அறுவைக்கு நாள் குறிக்கும் இடத்தில் உங்கள் நாயைக் கொடுக்காதீர்கள்.

1903-இல் தொடங்கப்பட்டு இப்போது வேப்பேரியில் இருக்கும் கால்நடை மருத்துவக் கல்லூரியின் மருத்துவமனையில் கண்ணுக்கென்றே தனிப் பிரிவு இருக்கிறது. ஆலோசனைக்காவது அங்கே ஒருமுறை காட்டலாம்.

மாடித்தோட்டம்

நன்றி. மாமனார் பக்கத்தில் உட்கார்ந்து இந்த இழையை வாசிக்கச் சொல்லிக் கேட்டுக்கொண்டிருக்கிறார். அவருக்கு ஒரு சந்தேகம், அப்படியே எழுதச் சொன்னார்: "எனக்கு மதுரை அரவிந்தில் புரை எடுத்தார்கள். பேசிக்கொண்டே படுத்திருந்தேன், பத்து நிமிடத்தில் எழுந்து வந்தேன், மறுநாள் பேப்பர் படித்தேன். நாய்க்கு மட்டும் ஏன் இவ்வளவு ஆர்ப்பாட்டம்?"

கொட்டில்

பெரியவருக்கு வணக்கம். நியாயமான கேள்வி. 1976-இல் பதினொரு படுக்கைகளோடு தொடங்கி, புரை அறுவையை அவ்வளவு எளிதாக்கிய ஊர்க்காரர்கள் கேட்கத்தான் செய்வார்கள்.

உங்களிடம் மருத்துவர் "அசையாதீர்கள்" என்று சொல்லியிருப்பார், நீங்களும் கேட்டிருப்பீர்கள். லட்டு கேட்கமாட்டாள். ஆகவே முழு மயக்கம் கொடுத்தாக வேண்டும். மயக்கம் ஏறியதும் நாயின் கண் கீழ்நோக்கி உருண்டுவிடும், அறுவை செய்பவருக்கு வெள்ளை விழிதான் தெரியும். அதை நடுவுக்குக் கொண்டுவரத் தசைகளைத் தளர்த்தும் மருந்து கொடுப்பார்கள். அந்த மருந்து மூச்சு விடும் தசைகளையும் நிறுத்திவிடும் என்பதால் இயந்திரம் மூச்சு கொடுக்க, ஒருவர் அதற்கென்றே உட்கார்ந்திருக்க வேண்டும்.

அடுத்தது அளவு. மனித லென்ஸின் தடிப்பு சுமார் நான்கு மில்லிமீட்டர், நாயினுடையது ஏழு. மீயொலி அலையால் உடைத்து உறிஞ்சி எடுக்கும் பேக்கோ முறை 1967 முதல் மனிதர்களுக்குச் செய்யப்படுவது. அதே கருவிதான் நாய்க்கும், ஆனால் உடைக்க வேண்டிய சரக்கு அதிகம். பிறகு உள்ளே வைக்கும் செயற்கை லென்ஸ். மதுரை ஆரோலேப் 1992 முதல் செய்துவரும் லென்ஸ்கள் மனிதக் கண்ணுக்கானவை, சராசரித் திறன் 20 டயாப்டரை (மூக்குக் கண்ணாடிக்குச் சொல்லும் 'பவர்' அளவு) ஒட்டியது. நாய்க்கு வேண்டியது 41. மனித லென்ஸை வைத்தால் நாய்க்குப் பொருந்தாது. லென்ஸே வைக்காமல் விட்டாலும் நாய் நடமாடும், ஆனால் ஏறக்குறைய 14 டயாப்டர் அளவுக்குக் கிட்டப் பொருள் தெரியாமல் மங்கும்.

எல்லாவற்றுக்கும் மேலாக, நாயின் கண் முன்கோபி. கத்தி பட்டதும் அழற்சியைக் கொட்டும், உள்ளே பசை போலப் படியும். பெரியவர் ஒரு மாதம் சொட்டு போட்டிருப்பார். லட்டுவுக்குப் பல மாதங்கள் போட வேண்டியிருக்கும், சில கண்களுக்கு ஆயுள் முழுவதும்.

நடுத்திண்ணை

தவறாக நினைக்க வேண்டாம். ஒரு நாயின் கண்ணுக்கு இத்தனை செலவு செய்யும் பணத்தில் எத்தனை மனிதர்களுக்குப் புரை எடுக்கலாம் என்று கணக்குப் போடாமல் இருக்க முடியவில்லை.

புங்கமரம்

கணக்குப் போடுங்கள், தவறில்லை. எங்களுக்கு இரண்டு மாதச் சம்பளம் போயிற்று. அந்தப் பணத்தில் வேறு என்ன செய்திருப்போம் என்று நேர்மையாக யோசித்தால், பழைய வண்டியை மாற்றியிருப்போம். இதற்கு மேல் இந்தப் பேச்சை வளர்த்தால் கேட்ட கேள்வி அமுங்கிப்போகும்.

கரிசல்காடு

இழையை முதலிலிருந்து படித்தேன். எல்லாருடைய எழுத்திலும் "பார்வை வந்தால் வாழ்க்கை, வராவிட்டால் இருள்" என்ற தொனி கொஞ்சம் இருக்கிறது. மறுபக்கத்திலிருந்து ஒருவர் எழுத வேண்டும் என்பதால் எழுதுகிறேன்.

எங்கள் காக்கர் ஸ்பானியல் ரோசிக்கு எட்டு வயதில் புரை. அதற்கு ஓராண்டு முன்பிருந்தே இருட்டியபின் மாடிப்படி இறங்கத் தயங்குவாள். விளக்கைப் போட்டால் இறங்குவாள். அதைப் பிடிவாதம் என்று நினைத்துத் திட்டியிருக்கிறேன். புரை தெரிந்து ஈஆர்ஜி எடுத்தபோது கோடு தட்டையாகவே இருந்தது. விழித்திரை பரம்பரை நோயால் மெல்லத் தேய்ந்து, முதலில் இரவுப் பார்வையும் பிறகு பகல் பார்வையும் போய்விட்டன, புரை அதன் பின்விளைவாக வந்தது என்று விளக்கினார்கள். அறுவைக்குக் கட்டிய முன்பணத்தை அவர்களாகவே திருப்பிக் கொடுத்தார்கள். அந்த நேர்மைக்கு இன்றும் நன்றி சொல்கிறேன். மாடித்தோட்டம் அவர்களே, லட்டு இருட்டில் தடுமாறியது புரைக்கு முன்பே இருந்ததா என்று வீட்டில் எல்லோரையும் கேட்டுப் பாருங்கள். மருத்துவரிடம் அவசியம் சொல்ல வேண்டிய செய்தி அது.

ரோசி அதன் பின் நான்கரை ஆண்டுகள் இருந்தாள். முதல் ஒரு மாதம் சுவரோரமாகவே நடந்தாள். கிண்ணம், படுக்கை, நாற்காலி எதையும் இடம் மாற்றவில்லை. படிக்கட்டின் தலையிலும் அடியிலும் சணல் மிதியடி போட்டோம், கால் அதில் பட்டதும் நின்றுவிடுவாள். நடைப்பயிற்சியில் "படி" என்றால் காலைத் தூக்குவாள், "நில்" என்றால் நிற்பாள். இரண்டு சொற்களையும் பத்து நாட்களில் பிடித்துக்கொண்டாள். கறிக்கடைப் பையன் தெருமுனை திரும்பும்போதே மூக்கைத் தூக்குவாள். அறுவை செய்யாத அந்தக் கண்களுக்கும் கொட்டில் ஐயா சொல்லும் சொட்டு தினமும் உண்டு, ஆறு மாதத்துக்கு ஒருமுறை அழுத்தம் பார்ப்பதும் உண்டு. அதைத் தவறவிட்ட ஒரு வருடத்தில்தான் வலது கண்ணில் அழுத்தம் ஏறிப்போய், கடைசியில் அந்தக் கண்ணையே எடுக்க வேண்டியதாயிற்று. எடுத்த மூன்றாம் நாள், வெகுநாட்களுக்குப் பிறகு பந்தைக் கவ்விக்கொண்டு வந்தாள். அதுவரை அவள் வலியோடு இருந்தாள் என்பதே எங்களுக்குத் தெரிந்திருக்கவில்லை.

புங்கமரம்

கரிசல்காடு எழுதியதை மறுக்கவில்லை. பீமாவின் கதையும் முழு வெற்றி அல்ல என்பதைச் சொல்லாமல் விட்டது என் பிழை. அறுவை முடிந்த இரவே இடது கண்ணில் அழுத்தம் எகிறி, மருந்து கொடுத்து இறக்கினார்கள். முதல் ஒரு நாளில் இப்படி ஏறுவது வழக்கம்தானாம், அதற்காகவே தங்க வைக்கிறார்கள். மூன்றாண்டு கழித்து அதே கண்ணில் அழுத்த நோய் வந்து பார்வை போயிற்று. வலது கண் பன்னிரண்டு வயது வரை நன்றாக இருந்தது. மருத்துவர் அறுவைக்கு முன்பே சொல்லியிருந்தார்: பத்தில் எட்டு, ஒன்பது நாய்களுக்குத் தொடக்கத்தில் பார்வை கிடைக்கும், ஆண்டுகள் ஏற ஏற அந்தக் கணக்கு இறங்கும். அப்போது முதல் பாதிதான் என் காதில் விழுந்தது.

சொட்டு போடுவதைப் பற்றி: முதல் இரண்டு வாரம் ஐந்து வகை மருந்து, ஒவ்வொன்றும் நாளுக்கு நான்கு முதல் ஆறு முறை, ஒன்றுக்கும் அடுத்ததற்கும் ஐந்து நிமிட இடைவெளி. இல்லாவிட்டால் பின்னது முன்னதைக் கழுவிவிடும். வீட்டில் பகலில் ஆள் இல்லையென்றால் அறுவைக்கு நாள் குறிக்க வேண்டாம். கண்ணைச் சொறியாமலிருக்கக் கழுத்தில் மாட்டும் புனல் போன்ற கோன் இரவும் பகலும் இருக்க வேண்டும். கழுத்துப் பட்டையை இழுத்தால் கண் அழுத்தம் ஏறும், மார்புப் பட்டைக்கு இப்போதே பழக்குங்கள். நாயைச் சாய்த்து, முகத்துக்குப் பின்னாலிருந்து கையைக் கொண்டுவந்து சொட்டு விடவும் இப்போதே பழக்குங்கள். வெறும் கண்ணீர்ச் சொட்டை வைத்து ஒரு வாரம் ஒத்திகை பாருங்கள். சம்மதிக்காத நாய் என்றால் அதையும் முடிவில் சேர்த்துக்கொள்ளுங்கள்.

மாடித்தோட்டம் (ஆறு வாரங்களுக்குப் பின்)

தாமதத்துக்கு மன்னிக்கவும். எல்லாவற்றையும் வரிசையாக எழுதுகிறேன்.

கொட்டில் ஐயா எழுதிய மறுநாளே சொட்டு வாங்கினோம். கருவிழியில் புண் இல்லை. இடது கண்ணில் அழற்சி அப்போதே இருந்தது. அழுத்தம் இயல்பைவிட மிகக் குறைவாக இருப்பதும் அழற்சியின் அடையாளம் என்று மருத்துவர் விளக்கினார். அடுத்த வாரம் கருத்தடை அறுவை நடந்தது. அதன் பின் மூன்று வாரங்களில் இன்சுலின் ஏறக்குறைய பாதி அளவுக்கு இறங்கியது, சர்க்கரையும் நிலைக்கு வந்தது. மயக்க மருந்தைத் தாங்குவாளா என்ற பயமும் அந்த முதல் அறுவையிலேயே பாதி தீர்ந்தது. வீட்டில் விசாரித்ததில், புரை வருவதற்கு முன் அவள் இருட்டில் தடுமாறியதே இல்லை என்று என் மகன் உறுதியாகச் சொன்னான். மின்வெட்டில் பல்லியைத் துரத்தியவள் அவள்.

பிறகு சென்னை. ஸ்கேனில் வலது கண்ணின் விழித்திரை ஒட்டியிருந்தது, ஈஆர்ஜி கோடும் நன்றாக எழும்பியது. இடது கண்ணின் விழித்திரை கழன்றுவிட்டிருந்தது. திரையில் சிறகு விரித்த பறவையைப் போல ஒரு கோடு நின்றதைக் காட்டினார்கள். அந்தக் கண்ணில் அறுவை வேண்டாம், சொட்டு தொடரட்டும் என்றார்கள். மூன்று வாரம் முன்னால் வந்திருந்தால் இடது கண் பிழைத்திருக்குமா என்று கேட்டேன். "இருக்கலாம்" என்றார் மருத்துவர். அதற்கு மேல் அவரும் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை.

வலது கண்ணுக்கு அறுவை நடந்து இன்று பன்னிரண்டாம் நாள். அன்று காலை வெறும் வயிறு என்பதால் மருத்துவர் சொன்னபடி இன்சுலினைப் பாதியாகப் போட்டோம். லென்ஸ் வைத்திருக்கிறார்கள். அழுத்தம் முதல் இரவில் 29 வரை ஏறி, மறுநாள் காலை 17-க்கு இறங்கியது. தாம்பரத்தில் என் நாத்தனார் வீட்டில் பத்து நாட்கள் தங்கிச் சோதனைகளை முடித்துக்கொண்டு நேற்றுத்தான் ஊர் திரும்பினோம். வாசலில் இறக்கிவிட்டதும் நேராக நடந்து சமையலறை நிலைப்படியைத் தாண்டினாள். தாண்டும்போது கோன் சட்டத்தில் இடித்துக்கொண்டது.

வைகைக்கரை

மிக்க மகிழ்ச்சி. சொட்டு போட விடுகிறாளா? யார் போடுகிறீர்கள்?

மாடித்தோட்டம்

மாமனார்தான். நான் போட்டால் தலையை ஆட்டுகிறாள். அவர் தரையில் காலை நீட்டி உட்கார்ந்து, அவளை மடியில் மல்லாக்காமல் பக்கவாட்டில் சாய்த்து, "எனக்கும் போட்டாங்க, சும்மா இரு" என்று சொல்லிக்கொண்டே போடுகிறார். நான்கு குப்பிகளுக்கும் மூடியில் வேறு வேறு நிற நூல் கட்டியிருக்கிறார், ஏனென்றால் எழுத்து பொடியாக இருக்கிறதாம். ஐந்து நிமிட இடைவெளிக்குக் கைப்பேசியை நம்பாமல் சுவர்க் கடிகாரத்தைப் பார்க்கிறார். இடது கண்ணுக்கு ஒரு சொட்டுதான், நாளுக்கு இரண்டு வேளை, அதற்குச் சிவப்பு நூல்.

அடுத்த அழுத்தச் சோதனை வியாழக்கிழமை, இங்கே உள்ளூரிலேயே. இரண்டு கண்களின் எண்களையும் வந்து எழுதுகிறேன்.